புரதம் அழியும் வழி

மனித உடல் நாள்தோறும் தன்னில் ஒரு பகுதியைத் தானே அழித்துக்கொள்கிறது. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் உண்ணும் புரதம் எழுபது எண்பது கிராம் அளவினதாயிருக்க, அவருடைய உடல் அதே நாளில் ஏறத்தாழ 300 கிராம் புரதத்தைச் சிதைத்து, ஏறத்தாழ அதே அளவினைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. தசையும் ஈரலும் நேற்றிருந்தவாறே இன்றும் தோன்றினாலும், அவற்றை ஆக்கியுள்ள பொருள் முழுவதும் நேற்றைய பொருளன்று. 1930களின் இறுதிவரையில் இவ்வுண்மையை எவரும் அறிந்திலர். அறிந்த பின்னரும், இவ்வழிவு எவ்வாறு நிகழ்கின்றது என்னும் வினா நாற்பது ஆண்டுக்காலம் உயிர்வேதியியலின் பின்கட்டிலேயே கிடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவிய கருத்து எளியது. உடல் ஓர் இயந்திரம். உணவு அதற்கு எரிபொருள். உண்ட புரதத்தின் பெரும்பகுதி எரிந்து சிறுநீரில் யூரியாவாக வெளியேறும். இயந்திரம் தேய்ந்த இடங்களை அடைக்கச் சிறிதளவு மட்டும் உள்ளே தங்கும். 1905இல் அமெரிக்க அறிஞர் ஓட்டோ போலின் இக்கருத்தைச் சிறுநீரின் அளவைகளைக் கொண்டு நிறுவினார். உணவிலிருந்து வருவதும் உடலிலிருந்து தேய்வதும் வெவ்வேறு வழியில் நடப்பன என்பது அவர் கொள்கை. பார்த்த அளவில் குற்றமற்ற கொள்கைதான். உள்ளே புகும் நைட்ரஜனும் வெளியேறும் நைட்ரஜனும் அளவால் சமமாக இருக்கும்போது, புகுந்ததே வெளியேறிற்று எனக் கொள்வது இயல்பு. புகுந்தது வேறு, வெளியேறியது வேறு என்று கண்டுகொள்ள அணுக்களுக்கு அடையாளமிட வேண்டும். அதற்கு அன்று வழி இல்லை.

அவ்வழியைத் திறந்தவர் இயற்பியல் வேதியியலார் ஒருவர். கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹெரால்ட் யூரி, ஹைட்ரஜனின் கனத்த வடிவை 1931இல் கண்டறிந்தார். பின்னர் நைட்ரஜனின் கனத்த வடிவையும் செறிவாக்கித் தந்தார். வேதி இயல்பில் இவை பொதுவான அணுக்களைப் போன்றவையே. நிறையில் மட்டும் வேறுபட்டவை. உடலுக்கு அவ்வேறுபாடு பெரிதாகத் தெரியாது. நிறையளக்கும் கருவிக்குத் தெரியும்.

இதே காலத்தில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பெர்லினில் பிறந்து பிரைபர்க் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த ருடால்ப் ஷோன்ஹைமர், யூதராகப் பிறந்த காரணத்தால், 1933இல் நாட்டைவிட்டு நீங்கிக் கொலம்பியப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே யூரியின் மாணவரான டேவிட் ரிட்டன்பர்க் அவருடன் சேர்ந்தார். கனத்த அணுவைக் கொண்டு உணவுக்கு அடையாளமிட்டு அதன் போக்கை உடலுக்குள் பின்தொடரலாம் என்னும் எண்ணம் இவ்விருவருடைய கூட்டுறவால் செயலுருப் பெற்றது. அடைக்கலம் தேடி வந்தவரும் அணுவைப் பிரித்தறியக் கற்றவரும் ஒரே கூரையின் கீழ்ச் சந்தித்திராவிடில் இத்துறையின் தொடக்கம் இன்னும் பல்லாண்டுகள் தள்ளிப்போயிருக்கும்.

முதலில் கொழுப்பை ஆராய்ந்தனர். பின்னர்ப் புரதத்துக்கு வந்தனர். 1939இல் வெளியான ஆய்வில் ஷோன்ஹைமர், சாரா ராட்னர், ரிட்டன்பர்க் ஆகிய மூவரும், வளர்ச்சி முற்றி எடை மாறாதிருந்த எலிகளுக்குக் கனத்த நைட்ரஜன் கொண்ட லியூசின் என்னும் அமினோ அமிலத்தை உணவில் கலந்து மூன்று நாள் ஊட்டினர். போலினின் கொள்கை மெய்யாயின், அந்த நைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீரில் வந்திருத்தல் வேண்டும். வந்ததோ மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டது உடலின் புரதங்களுக்குள் புகுந்திருந்தது. அதனினும் வியப்பு, அது லியூசினில் மட்டும் தங்கவில்லை. பிற அமினோ அமிலங்களிலும் பரவியிருந்தது. எலியின் எடை கூடவில்லை. ஆகவே புகுந்த அளவுக்கு ஈடாகப் பழைய புரதம் அழிந்திருத்தல் வேண்டும். ஒரு பள்ளியில் ஆண்டுதோறும் மாணவர் சேர்வதும் நீங்குவதுமாக இருக்க, வருகைப் பதிவேட்டில் தொகை மட்டும் மாறாதிருப்பதைப் போன்றது இது. தொகையை மட்டும் எண்ணிவந்தவர்கள், அதே மாணவர்களே என்றும் இருக்கின்றனர் என்று கருதிவிட்டனர்.

உடலின் உறுப்புப் பொருள்கள் ஓயாது மாறிக்கொண்டிருப்பவை என்னும் இக்கருத்தை ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் தொடர் உரைகளாக ஆற்ற ஷோன்ஹைமர் ஏற்றிருந்தார். ஆனால், 1941 செப்டம்பர் 11ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 43. எழுதி வைத்திருந்த உரைகளை உடன் பணியாற்றியோர் செப்பம் செய்து 1942இல் நூலாக்கினர்.

கட்டுதல் ஒருபுறமும் சிதைத்தல் மறுபுறமும் நடப்பதை அந்நூல் காட்டிற்று. அதனைப் படித்த தலைமுறை, ஏறத்தாழ முழுமையாகவே, கட்டுதலின் பக்கம் போயிற்று. அதற்குக் காரணமும் இருந்தது. 1953இல் மரபுப் பொருளின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியாயிற்று. அடுத்த பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளில் அதன் எழுத்துகளைப் புரதமாகப் படிக்கும் முறை முழுவதும் தெளிவாயிற்று. ஆக்கத்தின் கதை அத்துணை அழகுடையதாக இருந்தபோது அழிவின் கதையைக் கேட்பார் இலர். மேலும், 1955இல் பாரிஸ் நகரில் ழாக் மோனோவும் உடன் பணியாற்றியோரும், வளரும் பாக்டீரியாவில் ஒரு நொதி சிறிதும் சிதையாமல் நிலைத்திருப்பதைக் காட்டி, ஷோன்ஹைமரின் முடிபையே ஐயுற்றனர். இறந்த உயிரணுக்களிலிருந்து வந்த மாற்றமாக அது இருக்கலாம் என்றனர். மோனோவின் பெயருக்கு இருந்த மதிப்பு சிறிதன்று. சைவ நூல்கள் அழித்தலை ஆக்கலோடும் காத்தலோடும் ஒருங்கு வைத்து ஒரு தொழிலாக எண்ணின. அக்கால வேதியியலார்க்கோ அது தொழிலே அன்று, குப்பை வாருதல்.

அவ்வாறு கருதியோர் கண்ணில் படாமற்போன ஒரு செய்தி 1953இலேயே அச்சேறியிருந்தது. மெல்வின் சிம்ப்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், எலியின் ஈரலை மெல்லிய துண்டுகளாக அரிந்து, அவற்றின் புரதங்களில் கதிரியக்க அமினோ அமிலங்களை ஏற்றி, அவை எவ்வளவு விரைவில் விடுபடுகின்றன என்று அளந்தார். துண்டுகளில் ஆற்றல் உற்பத்தியைத் தடுத்தபோது அமினோ அமிலம் விடுபடுவதும் குறைந்தது. அதாவது, புரதத்தை அழிப்பதற்கு உயிரணு ஆற்றலைச் செலவிடுகின்றது.

இச்செய்தியின் விந்தையை ஆழ்ந்து நோக்க வேண்டும். புரதத்தைக் கட்டுவதற்கு ஆற்றல் வேண்டும் என்பது வெளிப்படை. அமினோ அமிலங்களைக் கோத்து வைப்பது மேட்டில் கல்லை ஏற்றுவது போன்றது. அதனைச் சிதைப்பதோ கல்லை உருட்டிவிடுவது. இறைச்சியை உண்டால் குடலில் சுரக்கும் டிரிப்சின் முதலிய நொதிகள் அதன் புரதத்தை நீரின் துணையோடு அறுத்துவிடுகின்றன. அதற்கு ஆற்றற் செலவு ஒன்றும் இல்லை. குடலில் செலவின்றி நடக்கும் செயல் உயிரணுவுக்குள் செலவோடு நடப்பது ஏன்? வேதியியல் விதிப்படி வேண்டாத செலவு அது. உயிரோ வீண்செலவு செய்வதன்று. சிம்ப்சனின் கட்டுரை வினாவை முன்வைத்தது; விடை காணப் புறப்பட்டவர் மிகச் சிலர்.

விடை கிடைத்துவிட்டது என்று பலரும் எண்ணிய காலமும் உண்டு. பெல்ஜியத்தின் லூவேன் நகரில் கிறிஸ்டியன் டி டுவே, எலி ஈரலிலுள்ள அமில பாஸ்பட்டேஸ் என்னும் நொதியை அளந்துகொண்டிருந்தார். புதிதாக அரைத்த ஈரலில் நொதியின் செயல் மிகக் குறைவாகவும், சில நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்த அதே அரைப்பில் பன்மடங்கு மிகுதியாகவும் இருந்தது. நொதி ஒரு சிறு பைக்குள் அடைபட்டிருந்து, பை உடைந்தபின் வெளிவருகின்றது என்று அவர் உய்த்துணர்ந்தார். 1955இல் அப்பைகளுக்கு லைசோசோம் எனப் பெயரிட்டார். புரதத்தை அறுக்கும் பலவகை நொதிகள் அவற்றுள் இருந்தன. பையின் உட்புறத்தை அமிலமாக வைத்திருக்க ஆற்றலும் வேண்டியிருந்தது. ஆகவே சிம்ப்சனின் வினாவும் அதனுள் அடங்கிவிட்டதாகக் கொண்டனர்.

எனினும் பொருந்தாத ஒன்று இருந்தது. 1960களில் அறிஞர் பலர் தனித்தனிப் புரதங்களின் ஆயுளை அளந்தபோது, எலியின் ஈரலில் ஒரு நொதி பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் பாதியாகக் குறைவதையும், அதே உயிரணுவில் இன்னொன்று பல நாள் நிலைப்பதையும் கண்டனர். லைசோசோம் ஒரு குளம் போல. அதனுள் விழுந்தவையெல்லாம் ஏறத்தாழ ஒருங்கே கரைய வேண்டும். இதனை எடு, அதனை விடு என்று பிரிக்கும் அறிவு அப்பைக்கு எங்கிருந்து வந்தது? 1970களில் குளோரோகுவின் போன்ற மருந்துகளால் அப்பைகளைச் செயலறச் செய்தபோது, வெளியிலிருந்து விழுங்கிய புரதங்கள் சிதையாமல் நின்றன. உயிரணுவின் சொந்தப் புரதங்களில் பெரும்பகுதி வழக்கம்போல் அழிந்துகொண்டே இருந்தது. வேறொரு வழி இருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அவ்வழியைத் தேடியவர்களுள் ஒருவர் அவ்ராம் ஹெர்ஷ்கோ. 1937இல் ஹங்கேரியின் கார்சாக் என்னும் சிற்றூரில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். தந்தையைக் கட்டாய உழைப்புக்காகப் போர்முனைக்குக் கொண்டுசென்றனர். 1944இல் அவ்வட்டாரத்து யூதர்களை இரயிலில் ஏற்றியபோது, பெரும்பாலான வண்டிகள் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்குப் போயின; ஹெர்ஷ்கோவின் குடும்பம் ஏறிய வண்டி ஆஸ்திரியாவுக்குப் போயிற்று. அதனால் உயிர் பிழைத்தனர். 1950இல் இஸ்ரேலில் குடியேறினர். மருத்துவம் கற்ற ஹெர்ஷ்கோ, 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் கார்டன் டாம்கின்ஸ் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கிருந்தவர்கள் பெரும்பாலும், ஒரு நொதி இயக்குநீரின் தூண்டுதலால் எவ்வாறு மிகுதியாக ஆக்கப்படுகிறது என்பதை ஆராய்ந்தனர். ஹெர்ஷ்கோ அதே நொதி எவ்வாறு அழிகின்றது என்பதை எடுத்துக்கொண்டார். கூட்டம் இல்லாத பக்கத்தில் நின்று பார்க்க விரும்பிய இயல்பு அது. உயிரணுவின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யைக் குறைத்தால் நொதியின் அழிவு நின்றுபோவதை அவர் கண்டார். சிம்ப்சன் ஈரல் துண்டில் கண்டது இங்கே தனியொரு புரதத்தில் மெய்ப்பட்டது. 1971இல் ஹைபா நகரின் டெக்னியன் கழகத்துக்குத் திரும்பினார்.

முழு உயிரணுவில் நிகழ்வதை முழு உயிரணுவிலேயே ஆராய்ந்து காரணம் காண இயலாது; உடைத்து, அதன் சாற்றில் அச்செயலை நிகழ்த்திக் காட்ட வேண்டும். 1977இல் ஹார்வர்டில் ஆல்பிரட் கோல்ட்பர்க்கும் ஜோசப் எட்லிங்கரும் அதற்கு ஏற்ற பொருளைக் கண்டனர். அது முயலின் முதிராச் சிவப்பணு. சிவப்பணு முதிரும்போது தன் உள்ளுறுப்புகளைக் களைந்துவிடுவதால் அதனிடம் லைசோசோம் இல்லை. அதன் சாறோ ஏ.டி.பி. சேர்த்தவுடன் புரதத்தைச் சிதைத்தது. லைசோசோம் அன்றி வேறொரு வழி உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஹைபாவில் ஹெர்ஷ்கோவும் அவருடைய மாணவர் ஏரன் சீக்கனோவரும் இதே சாற்றை எடுத்துக்கொண்டனர். அதனை ஒரு பிரிப்புத் தூணின் வழியே செலுத்தினர். ஒரு பகுதி தூணில் ஒட்டாமல் கீழிறங்கிற்று; மற்றொன்று ஒட்டி நின்று பின்னர்க் கழுவப்பட்டது. தனித்தனியே இரண்டும் செயலற்றுக் கிடந்தன. சேர்த்தால் செயல் மீண்டது. அக்காலத்து மரபுப்படி, புரதத்தை அறுக்கும் நொதி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அதைத் தூய்மை செய்வதே ஆய்வாளன் வேலை. இருவரும் அவ்வாறு ஒன்றை மட்டும் கைக்கொண்டு மற்றதை வீசியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஒட்டாத பகுதி பார்வைக்கு மதிப்புடையதாகவும் இல்லை. அது பெரும்பாலும் ஹீமோகுளோபின் நிறைந்த செந்நீர். அத்துணை ஹீமோகுளோபினுக்கு நடுவில் சிறிதளவே இருந்த பொருளை எவ்வாறு பிரிப்பது?

கொதிக்க வைத்தனர். வேதியியலார்க்கு இதனினும் முரட்டுத்தனமான செயல் தோன்றாது. சூட்டில் நொதிகள் முட்டையின் வெண்கருபோல் உறைந்து கெடுவன. எதிர்பார்த்தபடியே ஹீமோகுளோபின் சேறுபோல் உறைந்து அடியில் படிந்தது. மேலே நின்ற தெளிநீரைத் தூணில் ஒட்டிய பகுதியோடு சேர்த்தபோது செயல் குறையாமல் நடந்தது. தேடிய பொருள் சூட்டைத் தாங்கும் ஒரு சிறு புரதம். 1978இல் அச்செய்தி வெளியாயிற்று. ஓராயிரம் நாள் தூய்மை செய்ய வேண்டியதை ஐந்து பத்து நிமிடக் கொதிநீர் செய்துவிட்டது என்றால் மிகையாகாது.

அச்சிறு புரதம் என்ன செய்கின்றது என்பதுதான் திகைப்பூட்டிற்று. அதற்குக் கதிரியக்க அயோடின் ஏற்றி, மற்றப் பகுதியோடும் ஏ.டி.பி.யோடும் கலந்தனர். சிறு புரதம் மறைந்து, பெரிய எடையுள்ள பொருளாகத் தோன்றிற்று, எதனோடோ சேர்ந்துகொண்டது. அமிலத்தில் இட்டும் காரத்தில் இட்டும் அச்சேர்க்கை பிரியவில்லை. ஒட்டியது அன்று, வேதிப் பிணைப்பாலேயே இணைந்தது. இங்கேதான் மூன்றாமவரின் துணை வாய்த்தது. பிலடெல்பியாவின் பாக்ஸ் சேஸ் புற்றுநோய் நிலையத்தில் பணிபுரிந்த எர்வின் ரோஸ், நொதிகளின் வேதியியலில் பழுத்தவர். புரதச் சிதைவு பற்றி ஒரு கட்டுரையும் வெளியிடாதவர். ஆயினும் அப்புதிர் அவருடைய உள்ளத்தை நெடுங்காலம் உறுத்தியிருந்தது. ஹெர்ஷ்கோ 1977இல் அவரைச் சந்தித்து, பின்னர் அவர் ஆய்வுக்கூடத்துக்கு விடுப்பில் சென்றார். அங்கே நிகழ்த்திய சோதனைகளின் பயனாக 1980இல் வெளியான இரு கட்டுரைகள் இத்துறையின் மையம் எனலாம். சிறு புரதம் சேர்ந்துகொண்டது, அழியவிருக்கும் புரதத்தோடேயே. அதுவும் ஒன்றன்று, ஒரு புரதத்தின்மேல் பல. இது வாளன்று, முத்திரை. அழிக்க வேண்டியது எது என்று குறியிடும் முத்திரை.

அதே ஆண்டில், பிலடெல்பியாவிலேயே, கீத் வில்கின்சன், மைக்கேல் அர்பன், ஆர்தர் ஹாஸ் ஆகிய இளையோர் மூவர், இச்சிறு புரதம் முன்பே வேறு பெயரில் அறியப்பட்டது என்று காட்டினர். 1975இல் கிடியோன் கோல்ட்ஸ்டைன் கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து அதனைப் பிரித்தெடுத்திருந்தார். எங்கும் காணப்படுவதாகத் தோன்றியதால் அதற்கு யுபிகுவிட்டின் என்னும் பெயர் அமைந்தது. 76 அமினோ அமிலங்களே கொண்டது. அதன் பணி இன்னது என்பது மட்டும் ஐந்தாண்டுகள் விளங்காமல் இருந்தது.

இப்போது சிம்ப்சனின் வினாவுக்கு விடை கிடைத்தது. புரதத்தை அறுப்பதற்கு ஆற்றல் வேண்டியதில்லை என்று வேதியியல் கூறியது பொய்யன்று. ஆற்றல் முதலில் செலவாவது தேர்வதற்கு. ஒரு நொதி ஏ.டி.பி.யைச் செலவிட்டு யுபிகுவிட்டினை முனைப்பூட்டுகின்றது. இரண்டாவது அதனை ஏந்திச் செல்கின்றது. மூன்றாவது, அழிய வேண்டிய புரதத்தை இனங்கண்டு அதன்மேல் முத்திரையை ஏற்றுகின்றது. இம்மூவகை நொதிகளை ஹெர்ஷ்கோ குழுவினர் 1981 முதல் 1983 வரையில் பிரித்தெடுத்தனர். மனித உயிரணுவில் முதல்வகை இரண்டே. மூன்றாம் வகை ஏறத்தாழ 600. தேர்வின் நுட்பம் அவ்வறுநூற்றில் அடங்கியுள்ளது. முத்திரையேற்ற புரதத்தை உள்வாங்கி அறுக்கும் கருவி புரோட்டியசோம் என்னும் பீப்பாய் வடிவப் பெருங்கூட்டு. அதன் வாயிலில் உள்ள பகுதி புரதத்தின் மடிப்பைக் குலைத்து உள்ளே இழுக்கவும் ஆற்றலைச் செலவிடுகின்றது. அறுக்கும் முனைகள் பீப்பாயின் உட்புறத்தில் மறைந்திருப்பதால், முத்திரை பெறாத புரதங்கள் அதன் அருகில் கிடந்தாலும் அழிவதில்லை. குடலில் நடப்பது கண்மூடி அறுத்தல். உயிரணுவுக்குள் அவ்வாறு அறுத்தால் உயிரணுவே மிஞ்சாது.

சோதனைக்குழாயில் கண்டது உயிருள்ள அணுவில் எத்துணை முதன்மையானது என்பதை 1984இல் அலெக்சாண்டர் வர்ஷாவ்ஸ்கியின் குழுவினர் எலி உயிரணுக்களைக் கொண்டு மெய்ப்பித்தனர். முதல் நொதி வெப்பத்தில் கெடும் ஒருவகை அணுவைச் சூடேற்றியபோது, குறுகிய ஆயுளுடைய புரதங்களின் அழிவு பெரும்பாலும் நின்றது. அணுப் பிரிவும் நின்றது. அழிவு நின்றால் பெருக்கமும் நிற்கும் என்பது பலருக்கு வியப்பாயிருந்தது. அதன் காரணத்தின் ஒரு பகுதி முன்பே கண்ணில் பட்டிருந்தது. 1982இல் டிம் ஹண்ட், கடல் முள்ளெலி என்னும் கடலுயிரின் முட்டைகளில் ஒரு புரதம் ஒவ்வொரு பிரிவுக்கு முன்னும் பெருகி, பிரியும்போது திடீரென மறைவதைக் கண்டு அதற்குச் சைக்கிளின் எனப் பெயரிட்டார். அம்மறைவு யுபிகுவிட்டின் முத்திரையால் நிகழ்வது என்பது 1991இல் தெளிவாயிற்று. குப்பை வாருதல் என்று ஒதுக்கப்பட்டது, உயிரணுவின் நாழிகையை ஓட்டும் விசையாயிருந்தது.

ஹெர்ஷ்கோ, சீக்கனோவர், ரோஸ் மூவரும் 2004இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர். அதற்கு முன்னாண்டே, புரோட்டியசோமைத் தடுக்கும் போர்ட்டிசோமிப் என்னும் மருந்தை எலும்பு மச்சைப் புற்றுநோய்க்கு அமெரிக்க அரசு ஏற்றிருந்தது. பழைய லைசோசோமும் பயனற்றுப் போய்விடவில்லை. பட்டினி நேரும்போது உயிரணு தன் பகுதிகளையே பொதிந்து லைசோசோமுக்கு அனுப்பும் முறையை ஈஸ்ட் அணுக்களில் ஆராய்ந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமி 2016இல் நோபெல் பரிசு பெற்றார்.

முத்திரை தவறான இடத்தில் விழுந்தால் என்ன நேரும் என்பதை உலகம் அதன் பெயர் அறியாமலே ஒருமுறை கண்டிருந்தது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் உறக்க மருந்தை உட்கொண்ட கருவுற்ற தாய்மார்க்கு, கைகால் குறைந்த குழந்தைகள் பிறந்தன. 1961இன் இறுதியில் மருந்து நிறுத்தப்படுவதற்குள், பல நாடுகளிலுமாகப் பாதிக்கப்பட்டோர் தொகை பதினாயிரத்தைக் கடந்ததாகக் கணக்கிடப்படுகிறது. காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 2010இல் ஹிரோஷி ஹாண்டாவின் குழுவினர், அம்மருந்து செரப்லான் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்வதைக் கண்டனர். செரப்லான், முத்திரையேற்றும் மூன்றாம் வகை நொதிக் கூட்டுகளுள் ஒன்றின் உறுப்பு. மருந்து அதனைப் பற்றியதும், அது வழக்கமாகத் தீண்டாத புரதங்களின்மேல் முத்திரை விழுகின்றது. அவற்றுள் ஒன்று, கருவில் கைகால் உருவாவதற்குத் தேவையான சால்4 என்னும் புரதம். இதனை 2018இல் இரு குழுவினர் வெளியிட்டனர். அம்மருந்தும் அதன் வழிவந்தவையும் இன்று எலும்பு மச்சைப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகின்றன. அவ்வணுக்கள் வாழத் தேவையான புரதங்கள் அதே வகையில் முத்திரையேற்று அழிகின்றன. விளக்கம் கிடைத்த 2018இல், அம்மருந்தால் கையின்றிப் பிறந்த குழந்தைகள் ஐம்பத்தைந்து வயதைக் கடந்திருந்தனர்.